வண்டி வெளியே வந்தது

பின்சக்கரம் இரண்டும் பாதிக்குமேல் கரிசலுக்குள் இறங்கிவிட்டன.

நாகஜோதி மறுபடியும் ஆக்சிலேட்டரை மிதித்தாள். குட்டியானை என்கிற அந்தச் சின்ன லாரி உறுமியது, சேற்றை வாரிப் பின்னால் இறைத்தது, இன்னும் ஒரு சாண் புதைந்தது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

நேற்றுப் பெய்த மழையில் வண்டிப்பாதை ஊறிக் கிடந்தது. காயட்டும் என்று காத்திருக்கவும் வழியில்லை. கிழக்கே வானம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது. வண்டியில் இருப்பது இந்த வருஷத்து நெல் மொத்தமும். நனைந்தால் மூட்டைக்குள்ளேயே முளைவிட்டுவிடும். தின்னவும் ஆகாது, விற்கவும் ஆகாது.

அறுப்புக்கு வந்த ஆட்கள் மூட்டைகளை ஏற்றிவிட்டதும் மழைக்குப் பயந்து போய்விட்டார்கள். அவள் ஊரான சிக்கல் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான், ஆனால் கூப்பிட்டால் கேட்கிற தூரம் இல்லை. அத்தனை பெரிய வெளியில் தான் ஒருத்தி மட்டும் நிற்பதை நினைத்து அவளுக்கு அழுகையாக வந்தது.

கைக்கு எட்டியது சீமைக்கருவேலம்தான். அதன் கிளைகளை ஒடித்துச் சக்கரத்துக்கு முன்னால் திணித்தாள். திணித்துவிட்டுத்தான் புருஷனுக்குப் போன் போட்டாள்.

பூமிநாதன் வடக்கே பனிமலையில் லாரி ஓட்டுகிறான். குளிர்காலத்தில் மேலே இருக்கிற ஊர்களுக்கு அரிசியும் பருப்பும் ஏற்றிப் போகிற வேலை. பொங்கலுக்கு வாரேன் என்றவன் வரவில்லை. அன்றைக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்தவள் இன்னும் இறக்கவில்லை. இன்றைக்கும் நெல்லுக்காகத்தான் வீம்பை விட்டாள்.

முதல் மணியிலேயே எடுத்தான். அவன் வாயைத் திறக்கும் முன்பே மழை, சேறு, மூட்டை, கருவேலம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.



"பதறாத சோதி. பதறுனாத்தான் வண்டி புதையும். மொதல்ல அந்தக் கருவேலத்தத் தூக்கித் தூர எறி. முள்ளு ஏறுனா டயரும் போச்சு."

எறிந்தாள். பிறகு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, முடித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னாள்.

"வைக்காத. பேசிக்கிட்டே செய்யி. நான் லைன்லயே இருக்கேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டு வரப்பில் வைத்தாள். அவன் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் செய்தாள். மண்வெட்டியை எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் சரிவாக வெட்டு. வண்டிக்கு அடியில் தட்டுகிற மண்ணையும் வாரி எடு. டயர் வால்வில் குச்சியை வைத்து அழுத்திக் காற்றைக் கொஞ்சம் இறக்கு, டயர் அகலமானால் மண் தாங்கும். வரப்போரம் விழுந்து கிடக்கிற பனைமட்டையைப் பொறுக்கிச் சக்கரத்துக்கு முன்னால் பரப்பு. பனிக்கும் சேற்றுக்கும் வைத்தியம் ஒன்றுதான் என்றான்.

நிதானமாகச் சொன்னான். சொன்னதையே திரும்பச் சொன்னான். வீட்டில் இருக்கும்போது நாலு வார்த்தைக்குமேல் பேசாத மனுஷன் இப்படிப் பேசுகிறானே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வேலை இல்லாமல் எங்கேயோ சும்மா உட்கார்ந்திருக்கிறான் போல.

நடுவில், "அங்கன வெயிலடிக்குதா?" என்று கேட்டான்.

"மழ வருதுன்னு கத்திக்கிட்டு இருக்கேன், வெயிலக் கேக்குறீக!"

அவன் சிரித்தான். குரல் விட்டு விட்டுக் கேட்டது. மலையில் சிக்னல் அப்படித்தான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தாள். இரண்டாம் கியர். கிளட்சை அவன் சொன்னபடி மெல்ல, மெல்ல விட்டாள். மட்டைகள் முறிகிற சத்தம் கேட்டது. குட்டியானை ஒரு ஆட்டம் ஆடி, பின்னால் இழுத்து, முன்னால் ஏறியது.

"வந்துருச்சு! வெளிய வந்துருச்சுங்க!"

"நிறுத்தாத. தார்ரோடு ஏறுற வரைக்கும் எங்கனயும் நிறுத்தாத, சோதி."

அதோடு லைன் அறுந்தது.

முதல் தூறல் விழும்போது வண்டி வீட்டுக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டது. ஒரு மூட்டைகூட நனையவில்லை. அவளுக்குக் கை கால் எல்லாம் சேறு, மனசு மட்டும் லேசாகிவிட்டது. பாவம், வர முடிந்தால் வந்திருக்க மாட்டானா? சாயங்காலம் தானே கூப்பிட்டு நல்லபடியாக நாலு வார்த்தை பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கையைக் கழுவுவதற்குள் போன் அடித்தது. சஃபீர். தொண்டிக்காரன், பூமிநாதன் வேலை பார்க்கிற அதே முதலாளியிடம் லாரி ஓட்டுகிறவன்.

"மதினி, அண்ணன் உங்களுக்குப் போன் பண்ணுச்சா?"

"இப்பத்தான் பேசுனாக. நல்லா, ரொம்ப நேரம் பேசுனாக."

 சஃபீர் மெதுவாகச் சொன்னான். ராத்திரி கொட்டிய பனியில் அண்ணன் லாரி மலைமேல் எங்கேயோ புதைந்து நிற்கிறது. வண்டி பேட்டரி குளிரில் செத்துவிட்டது. காலையில் ஒரு தடவை முதலாளியிடம் பேசினார். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, பனி விட்டதும் எந்த இடமென்று பார்த்துச் சொல்கிறேன், போனில் இருக்கிற கொஞ்ச சார்ஜை அதுக்கு வைத்திருக்கிறேன் என்றாராம். மீட்பு வண்டி அடிவாரத்தில் காத்து நிற்கிறது. இப்போது கூப்பிட்டால் போன் அணைந்து கிடக்கிறது.

"எந்த வளைவு, எந்தப் பாலம், எதுனாச்சும் சொன்னாரா மதினி? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

கூரைமேல் மழை வலுத்தது. அவள் சேற்றுக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"எங்க இருக்கீகன்னு நான் கேக்கவே இல்ல தம்பி."