கூட்டாகவும் தனித்தனியாகவும்

"முதல் தரப்புன்னா இன்னா சார்?"

கம்பெனி அதிகாரியிடம் கஸ்தூரி இப்படிக் கேட்டதும் மாலதிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மூன்று நாளாக அந்த ஒப்பந்தத்தை வரிவரியாக அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது மாலதிதான். பொன்னேரியில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிப்பவள். பத்திரம், பட்டா, நோட்டீஸ் என்று எந்தக் காகிதம் ஊருக்குள் வந்தாலும் நேரே அவள் வீட்டுக்குத்தான் வரும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், படித்துச் சம்பாதித்த கர்வம்தானே.

பழவேற்காடு ஏரியில், ஓலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, கையால் தடவி இறால் பிடிக்கிற பதினான்கு பெண்களின் குழு அது. தலைவி கஸ்தூரி. ஒரு கம்பெனி ஊருக்கே வந்து இறாலை எடுத்துக்கொள்கிறேன், ஐஸ் பெட்டியும் தருகிறேன் என்றது. இனி அடிமாட்டு விலைக்கு வாங்குகிற ஏஜெண்ட் முகத்தில் விழிக்க வேண்டாம். கஸ்தூரி சரி என்றால் பதினான்கு பேரும் கையெழுத்துப் போடுவார்கள்.

கம்பெனி அதிகாரி பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். முதல் தரப்பு கம்பெனி, இரண்டாம் தரப்பு நீங்கள் என்றார்.

கஸ்தூரி தலையாட்டிவிட்டு, ஷரத்து என்றால் என்ன என்றாள். அது முடிந்ததும் பிரத்தியேக உரிமை. அதுவும் முடிந்ததும் மத்தியஸ்தர்.

மாலதிக்கு உடம்பெல்லாம் கூசியது. மத்தியஸ்தருக்கு எவ்வளவு அழகாக உதாரணம் சொல்லியிருந்தாள். ஏரியில் எந்த ஊர் எந்த நாளில் வலை விடுவது என்று இரண்டு ஊருக்குச் சண்டை வந்தால், மூன்றாவது ஊர்க்காரர் நடுவில் வந்து உட்காருவாரே, அவர்தான் என்று. கஸ்தூரி அதை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்லியும் காட்டினாள். இப்போது ஒன்றுமே தெரியாதவள் மாதிரி முழிக்கிறாள்.

பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். "மூணு நாள் டியூஷனும் ஏரித் தண்ணியில கரைஞ்சு பூடுச்சு" என்றாள் முனியம்மா. கஸ்தூரியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வெட்கம் கெட்டவள் என்று மாலதி மனசுக்குள் திட்டினாள்.

அதிகாரி மணியைப் பார்த்தார். இவங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லையா என்று மாலதியிடம் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவ சொல்லிக்கினுதான் இருந்தா சார். என் மண்டையிலதான் ஏறல" என்ற கஸ்தூரி, ஏழாவது ஷரத்தில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்புன்னு போட்டுக்குதே, அது இன்னா?"

இதையும்தான் மாலதி சொல்லியிருந்தாள். கூட்டாக ஏரியில் இறங்குகிறோம், ஆனால் அவரவர் பறி அவரவருக்கு. அதே மாதிரி அவரவர் ஐஸ் பெட்டிக்கு அவரவர் பொறுப்பு என்று.

அதிகாரி கொஞ்சம் தயங்கினார். அத்தனைக்கும் பதில் சொல்லிவிட்டு இதை மட்டும் எப்படி விடுவது?

"அதாவதும்மா, பதினாலு பேர்ல யார் பெட்டியை உடைச்சாலும், யார் சரக்கு கெட்டுப்போனாலும், மொத்த நஷ்டத்தையும் கம்பெனி யாராவது ஒருத்தர்கிட்டயே கேட்கலாம்."

"முனியம்மாகிட்ட கூடவா?"

"சட்டப்படி கேட்கலாம்."

சிரிப்பு நின்றுவிட்டது. முனியம்மா புருஷனை இழந்தவள். அவளுக்கென்று இருப்பது ஒரு சின்ன வீடு மட்டும்தான்.

ஆபீஸில் மாலதி நூறு தடவை டைப் அடித்த வரி அது. அர்த்தம் தெரியும் என்ற நினைப்பிலேயே அடித்திருக்கிறாள். இப்போது யார் தன் பக்கம் திரும்பப் போகிறார்களோ என்று பயந்தாள்.

முனியம்மா திரும்பியது கஸ்தூரி பக்கம். "மாலதி சொல்லச் சொல்ல காதுல வாங்கியிருந்தா, இதை அப்பவே கண்டுபிடிச்சிருக்கலாம் இல்ல? நீயெல்லாம் ஒரு தலைவி."

கஸ்தூரி அதிகாரி பக்கம் திரும்பினாள். ஒருத்தி பெட்டிக்கு இன்னொருத்தி பொறுப்பாக முடியாது, அவரவர் பங்குக்கு மட்டும் என்று மாற்றி எழுதினால் கையெழுத்து, இல்லாவிட்டால் இல்லை என்று அதிகாரியிடம் நிதானமாகச் சொன்னாள். அவர் வெளியே போய் அரைமணி நேரம் போனில் பேசினார். திரும்பி வந்து அந்த வரியை அடித்துத் திருத்தினார்.

பதினான்கு பேரும் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். ஒரு கைநாட்டு இல்லை. பார்த்துக்கொண்டிருந்த மாலதிக்கு, வெட்கத்தையும் மீறி நெஞ்சு நிமிர்ந்தது. எந்த ஊர்ப் பெண்கள் ஒரு கம்பெனியின் காகிதத்தைத் திருத்தியிருக்கிறார்கள்?

வண்டி கிளம்பிப் போனதும் கஸ்தூரியைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்த ஒண்ணை நான் தப்பா சொல்லிட்டேன்."

"தெரியும். அவங்கவங்க பொறுப்புன்னா, கூட்டாகன்னு எதுக்கு எழுதப் போறான்? நீ சொன்ன அன்னைக்கே உதைச்சுது."

"அப்ப அதை மட்டும் கேட்டிருக்கலாமேக்கா. தெரிஞ்சதையெல்லாம் கேட்டு எதுக்கு அவங்ககிட்ட சிரிப்பு வாங்கின?"

கஸ்தூரி அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"காகிதம் படிக்கிறதுக்கு நம்ம ஊருக்குன்னு இருக்கிறது நீ ஒருத்திதான். அதை மட்டும் கேட்டிருந்தா, நீ தப்பா சொல்லிட்டேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும் இல்ல?"