ஒரு பேசின் தண்ணீர்

டி.பி.டி. என்னும் மனநலச் சிகிச்சைக்கான பயிற்சி வகுப்பு. மேசை மேல் பேசின் நிறையத் தண்ணீர். ஐஸ் கட்டிகள் ஒன்றையொன்று இடித்துக் கிணுகிணுக்கின்றன. மனம் கொந்தளிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை இதில் அமிழ்த்தினால் படபடப்பு அடங்குமாம். நோயாளிக்குச் சொல்லிக்கொடுக்கும் முன் ஆலோசகர்கள் தாங்களே செய்து பார்த்துவிட வேண்டும். "நீங்க வேணாம்மா, சும்மா பாத்துட்டிருங்க," என்கிறார் பயிற்சியாளர், கண்ணாடி போட்ட ஆலோசகரிடம். அவள் தம்பி போன மாதம் தற்கொலை செய்துகொண்டது இங்கே எல்லோருக்கும் தெரியும். அன்று வீட்டில் கடைசியாக அவனோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசிப் பார்த்தவள் அவள்தான். அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிகிறாள். முகம் தண்ணீருக்குள் அமிழ்கிறது. பின்னல் நழுவித் தண்ணீரில் விழ, பக்கத்தில் நிற்பவள் அதை மெல்ல எடுத்துப் பிடித்துக்கொள்கிறாள். குனிந்திருந்தவள் ஒருவழியாக நிமிர்கிறாள். மோவாயிலிருந்து நீர் சொட்டுகிறது. யாரோ நீட்டும் துண்டை வாங்காமல் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறாள். ஒரு மாதமாக அடித்துக்கொண்டிருந்தது நிதானமாகியிருக்கிறது. "எப்படி இருக்கு?" என்று கேட்கிறார் பயிற்சியாளர். "அடங்குது சார்," என்கிறாள், யார் மேலோ புகார் சொல்வதைப் போல. பிறகு பேசினையே பார்த்தபடி, "அன்னிக்கு வீட்ல ஐஸ் இருந்துச்சு."