பின்னால் நீட்டிய கை

தொற்றுக்குப் பயந்து மைதானத்தைப் பூட்டியதிலிருந்து அவளுக்குக் கட்டிலை விட்டு எழுவதே பெரும்பாடாகிவிட்டது. நாலு பேர் ஓடும் ரிலே ஓட்டத்தில் கடைசி ஆள் அவள்; பின்னால் ஓடிவருபவள் தரும் கோலை வாங்கிக்கொண்டு பறப்பவள். இனி ஓடுவதில்லை என்று பயிற்சியாளரிடம் சொல்லப் போனை எடுத்தாள்.

அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டாள். "மாடியில ஒரு தடவை ஓடிட்டு வந்து சொல்லிக்கோ. கட்டிலுக்கே உன்னைப் பார்த்து அலுத்துப்போச்சுடி."

மொட்டை மாடியில் யாருமில்லை. பழக்கத்தில் வலது கையைப் பின்னால் நீட்டியபடி கிளம்பினாள். கோலை வாங்குகிறவள் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் வேகம் போய்விடும்.

உள்ளங்கையில் கோல் வந்து பதிந்தது. அதில் யாரோ பிடித்திருந்த சூடு இருந்தது.

அவள் திரும்பவில்லை. மூச்சு முட்டும்வரை, சிரித்தபடி, மாடியைச் சுற்றிச் சுற்றி ஓடினாள்.

கீழே வந்ததும் அக்கா போனை நீட்டினாள். "இந்தா, சொல்லிடு. அது சரி, ஒருத்தி ஓடினதுக்கா மேல நாலு பேர் காலடி கேட்டுச்சு?"

"நாளைக்கும் ஓடணும்க்கா."

கோலைத் தலையணைமேல் வைத்துவிட்டுத் தரையில் படுத்து நன்றாகத் தூங்கினாள். காலையில் அது அங்கே இல்லை. ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கையைப் பின்னால் நீட்டியபடியே படியேறினாள்.