மூன்றாம் நாள் லொறி

"மூணு நாளா காய்ச்சலுங்க. தண்ணிகூட எறங்கல, மூச்சு வாங்குது," என்றான் ஐயாவு. அவன் மார்போடு கம்பளிப் பொதி ஒன்று இருந்தது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் பஞ்சலிங்கம் துள்ளி எழுந்தார்.

"மடையா! முதல் நாளே வந்திருக்க வேணும். தண்ணி குடிக்காட்டி ஒரு மணித்தியாலமும் பாத்துக்கொண்டு இருக்கக் கூடாது!"

கம்பளியைத் தொட்டும் பார்க்காமல் தோட்டத்து லொறியைக் கூப்பிட்டார். தானும் ஏறிக்கொண்டார்.

இரத்தினபுரி டவுனில் டிரைவரிடம் சொன்னார்: "மிருக வைத்தியரிட்ட விடு. துரையின்ர நாய் செத்தால் என்ர வேலை போயிரும்."

ஐயாவு கம்பளியை விலக்கினான். அவனுடைய இரண்டு வயது மகள் உதடு காய்ந்து கிடந்தாள்.

"டேய், நாய் எங்கையடா?"

"பங்களாவுல கறிச்சோறு தின்னுக்கிட்டிருக்கு. நாய்க்குன்னு நான் சொல்லவே இல்லியே. பங்களா நாயப் பாத்துக்கிறவன் வந்தா நாய்க்குத்தான்னு நீங்களா நெனச்சுக்கிட்டீங்க. முந்தாநாளு இவளுக்குன்னு சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குப் போகத் துண்டுச்சீட்டு கேட்டேன். வேலைக்குக் கள்ளம்னு வெரட்டுனீங்க."

பஞ்சலிங்கம் வாயைத் திறக்குமுன் டிரைவர் லொறியைப் பெரியாஸ்பத்திரிப் பக்கம் ஒடித்துத் திருப்பினான்.