கனவுக்கு முன்னால் ஒரு வார்த்தை

"அந்தத் தஃபீதா கனவு கேக்குறாளா, தண்டோரா போடுறாளா?"

சமையலறையைத் தாண்டிப் போன தௌலத் அம்மாளின் காதில், உள்ளே வேலைக்காரப் பெண்கள் பேசிய இது விழுந்தது. பின்னாலேயே சிரிப்பும் வந்தது. சிரிப்பு தன் கனவை நினைத்துத்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

எகிப்தின் போர்ட் சயீதில், சூயஸ் கால்வாயைப் பார்த்தபடி இருக்கும் முதியோர் இல்லம் அது. காலையில் தேநீரோடு பெண்கள் வராந்தாவில் கூடுவார்கள். மூடுபனிக்குள், வீடுகள் எழுந்து நடப்பதுபோலக் கப்பல்கள் மெல்லப் போகும். யாராவது "ராத்திரி ஒரு கனவு" என்று தொடங்கினால், மற்றவர்கள் முதலில் "நல்லதா இருக்கட்டும்" என்பார்கள். அதைச் சொன்ன பிறகுதான் கனவைக் கேட்க வேண்டும்.

தஃபீதா அதோடு விடமாட்டாள். மெல்லிய குரலில் சொன்ன கனவை வாங்கி, ஊருக்கே கேட்கும்படி திருப்பிச் சொல்வாள்.

அன்று காலையும் அப்படித்தான். "என்ன டீச்சரம்மா, உங்க வீட்டுக்காரர் முதல் சம்சாரத்தோட கை கோத்துக்கிட்டா வந்தார்?"

தௌலத் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை; காலமான கணவருக்கு இரண்டாம் தாரம். நேரே மேலாளரிடம் போனாள்.

"ஒண்ணு வராந்தாவுல அவ உக்காரணும், இல்ல நான் உக்காரணும்."

மேலாளர் தஃபீதாவைக் கூப்பிட்டார். "கொஞ்சம் மெதுவாப் பேசக் கூடாதாம்மா?"

"முடியாதுங்க."

"அப்போ நாளையிலேர்ந்து உங்க தேநீர் உங்க அறைக்கே வந்துரும்."

தஃபீதா வராந்தாவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். எப்போதும் அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் இன்ஸாஃப், கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தஃபீதா தன் அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் வராந்தா அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் தௌலத்துக்குத் துணிச்சல் வந்தது.

"ராத்திரி மறுபடி வந்தார்," என்றாள், கோப்பைக்குள் பேசுவதுபோல. "கதவைத் திறந்தேன். 'மூத்தவ எங்கே?'ன்னு என்கிட்ட கேட்டார். நான் யாருன்னே அவருக்குத் தெரியலை."

ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்ஸாஃப் எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்தாள்.

"நல்லதா இருக்கட்டும். ஆரம்பி தௌலத், ஏன் பேசாம இருக்கே?"

'கிண்டலா?' என்று கேட்க வாயெடுத்தாள் தௌலத். இன்ஸாஃபின் முகத்தில் கிண்டல் இல்லை. காத்திருப்புதான் இருந்தது. அவள் கை, பக்கத்துக் காலி நாற்காலியைத் தடவிக்கொண்டிருந்தது.

தௌலத் எழுந்து தஃபீதாவின் அறைக்குப் போனாள்.

"இன்ஸாஃபுக்குக் காது கேக்காதா?"

தஃபீதா சட்டென்று கதவைச் சாத்தினாள்.

"மெதுவா, டீச்சரம்மா. இதுக்கு முன்னாடி அவ இருந்த இல்லத்துல விஷயம் தெரிஞ்சதும், வர்றவங்க போறவங்க எல்லாம் தோளைத் தட்டிட்டு நகர்ந்துருவாங்களாம். உக்காந்து பேச ஒரு ஆள் இல்லையாம். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

"காதுல வைக்கிற மெஷின் இருக்குமே?"

"அதைப் போட்டா கரண்டிச் சத்தம்தான் கேக்குதாம். பேச்சு கேக்கலையாம்."

"என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா உங்க கனவு தப்பிச்சிருக்கும். அவ மாட்டியிருப்பா."

மேசையில் ஆறிக் கிடந்த தேநீரைத் தௌலத் ஒரு கையில் எடுத்துக்கொண்டாள். மறு கையால் தஃபீதாவைப் பிடித்து வராந்தாவுக்கு அழைத்து வந்து, அவள் நாற்காலியிலேயே உட்கார வைத்தாள்.

பிறகு இன்ஸாஃபுக்கு எதிரே உட்கார்ந்து, கப்பலின் மேல்தட்டில் நின்றவன் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரலை உயர்த்தி, "ராத்திரி என் வீட்டுக்காரர் வந்தார், மூத்தவளைத் தேடி வந்தார்" என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.