பெல்ட்டில் ஒட்டிய பேரீச்சை

புது கன்வேயர் பெல்ட்டில் பேரீச்சம்பழங்கள் கோந்து தடவியதுபோல் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தன. தோஸர் ஊர்ப் பழத் தொழிற்சாலையின் முதலாளி ஹாஜி தீஜானி, அதை விற்ற மோன்ஸெஃபின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

“நோன்புச் சரக்கு ஏத்த லாரி வாசல்ல நிக்குது. இங்க பழமெல்லாம் கூழாகுது! எனக்கு மெஷினைப் பத்தித் தெரியாதுன்னுதானே இந்தக் குப்பையை என் தலையில கட்டின?”

“சோதிச்சுப் பார்த்துத்தான் கொடுத்தேன், ஹாஜி.”

“வாயை மூடு! தின்னதுக்கு நன்றியாவது இருக்கா உனக்கு? ஒரு பெட்டி பழம் அனுப்புங்கன்னு கூச்சமே இல்லாம போன்ல கேட்ட. நானே உக்காந்து ஒவ்வொண்ணாப் பொறுக்கி அனுப்பினேனே!”

மோன்ஸெஃப் திடுக்கிட்டான். “பொறுக்கியா? எந்த மாதிரிப் பழம்?”

“விருந்தாளிக்கு வைக்கிற பழம். நல்லாக் காஞ்சது, கையில ஒட்டாது. பின்னே, தினம் இங்க வர்ற இந்தப் பிசுபிசுப்பையா அனுப்புவேன்? எங்க வீட்டு மானம் என்ன ஆகும்?”

மோன்ஸெஃப் அவர் கையைக் காலரிலிருந்து விலக்கினான்.

“நான் திங்கக் கேக்கலை, ஹாஜி. உங்க பழத்துக்கு எந்த பெல்ட் சரிவரும்னு பார்க்கத்தான் கேட்டேன். பெட்டி மொத்தத்தையும் இதுல ஓட்டினோம். ஒண்ணுகூட ஒட்டலை.”

ஹாஜிக்கு இப்போதுதான் நிஜமாகவே கோபம் வந்தது.

“அடப்பாவி! நான் பார்த்துப் பார்த்து அனுப்பின பழத்தை மெஷினுக்கா போட்ட?”