அம்பு காட்டிய பக்கம்

பாராசூட்டில் குதிக்கும் சந்தியாகு, விமானத்தில் ஏறுமுன் தன் மார்பில் கட்டிய வழிகாட்டிக் கருவியைத் தொட்டு, "எறங்குற எடம் சரியாப் போட்டாச்சாண்ணே?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பான். அதில் இடத்தைப் பதிக்கும் மாசிலாமணி திரையைப் பார்த்துவிட்டுத்தான் தலையசைப்பார். அன்று பார்க்காமலே தலையசைத்தார்.

மேகத்துக்குள் சந்தியாகுவுக்குத் தெரிந்தது திரையின் அம்புக்குறி ஒன்றுதான். அது காட்டிய பக்கமே பாராசூட்டைத் திருப்பியவன், மைதானத்துக்குப் பதிலாகக் கல்குவாரிப் பாறைமேல் விழுந்து கால் ஒடிந்து கிடந்தான். ஸ்ட்ரெச்சரில் கிடத்திய பிறகும், அவன் மார்பிலிருந்த அம்பு அந்தப் பாறையையே காட்டிக்கொண்டிருந்தது.

"கண்ண எங்கய்யா வெச்சிருந்த? இனிமே நீ குதிக்கவே வேணாம்!" என்று கத்தினார் அவனைக் குதிக்க அனுப்பிய அதிகாரி.

"உங்க அம்பு மேலதான் சார்! வேற எங்கயும் பாக்காதன்னு சொன்னது நீங்கதான?" எழ முயன்ற சந்தியாகு வலியில் சரிந்தான்.

மாசிலாமணி முன்னால் வந்தார். "அவன் மேல தப்பில்ல சார். எறங்குற எடத்தோட நம்பரத் தப்பாப் போட்டது நான். அவன் கேட்டான், பாக்காமலே தலையாட்டிட்டேன். என்னை வெளிய அனுப்புங்க, அவன் குதிக்கட்டும்."

மாசிலாமணி குனிந்து ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்தைத் தூக்கினார்.

"இப்பவாச்சும் பாத்து நடங்கண்ணே," என்றான் சந்தியாகு, பல்லைக் கடித்துக்கொண்டு.